தாய்க்கும் ஒரு கட்டில்

குறைமாதக் குழந்தையைக் காப்பாற்றுவது என்றதும் வார்மர், வெண்டிலேட்டர், நுரையீரலை விரியச் செய்யும் மருந்து, நரம்பு வழியே சொட்டும் குளுக்கோஸ் என்று கருவிகளும் மருந்துகளும்தான் நினைவுக்கு வருகின்றன. அவற்றின் பங்கு பெரியது, அதில் ஐயமில்லை. ஆனால் 2021 மே மாதம் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வெளிவந்த ஓர் ஆய்வு, அந்தப் பட்டியலில் நாம் சேர்க்காமல் விட்ட ஒன்றை எண்களோடு எடுத்துக் காட்டியது. உலக சுகாதார நிறுவனம் கானா, இந்தியா, மலாவி, நைஜீரியா, தான்சானியா நாடுகளின் ஐந்து மருத்துவமனைகளில் அதை நடத்தியது. இந்தியாவிலிருந்து டெல்லியின் சஃப்தர்ஜங் மருத்துவமனை பங்கேற்றது. 1 கிலோவுக்கும் 1.8 கிலோவுக்கும் இடைப்பட்ட எடையில் பிறந்த 3,211 குழந்தைகள் சேர்க்கப்பட்டனர். ஒரு பிரிவுக் குழந்தைகளுக்கு வழக்கப்படி முதலில் வார்மரில் சிகிச்சை; உடல்நிலை சீரான பிறகே தாயின் மார்போடு அணைத்து வைக்கும் கங்காரு முறை. மற்றப் பிரிவில், பிறந்ததும் தாமதமின்றித் தாயின் தோலோடு தோலாக வைத்தபடியே சிகிச்சை. முதல் 28 நாட்களில் வழக்கமான பிரிவில் 15.7 சதவீதக் குழந்தைகள் இறந்தன. உடனடி கங்காரு பிரிவில் 12 சதவீதம். நூறு குழந்தைக்கு ஏறத்தாழ நான்கு உயிர் கூடுதலாகப் பிழைத்தது. பயன் இவ்வளவு தெளிவாகத் தெரிந்த பிறகு வழக்கமான முறையைத் தொடர்வது அறமாகாது என்று கண்காணிப்புக் குழு சொன்னதால் ஆய்வு முன்கூட்டியே நிறுத்தப்பட்டது.

இந்த முடிவை "தாயின் அணைப்பே மருந்து" என்று பாராட்டிவிட்டு நகர்ந்துவிடுவது எளிது. அப்படித்தான் பல இடங்களில் செய்தும் விட்டார்கள். ஆனால் ஆய்வுக்குள் இன்னோர் எண் இருக்கிறது. தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்த நாட்களில் உடனடி கங்காரு பிரிவுக் குழந்தை ஒரு நாளில் சுமார் 17 மணி நேரம் தாயின் அல்லது தாய் தேர்ந்தெடுத்த உறவினரின் மார்போடு இருந்தது. மற்றப் பிரிவில் அது சுமார் ஒன்றரை மணி நேரம். பிள்ளை பெற்ற உடம்போடு ஒரு பெண் நாள்தோறும் 17 மணி நேரம் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குள் இருக்க வேண்டுமானால், அவளுக்கு அங்கே கட்டில் வேண்டும், கழிப்பறை வேண்டும், சாப்பாடு வேண்டும். அவளுடைய ரத்த அழுத்தத்தையும் தையலையும் பார்க்க மகப்பேறு மருத்துவரும் செவிலியரும் அவள் இருக்கும் இடத்துக்கு வர வேண்டும். அவள் தூங்கும்போதோ குளிக்கும்போதோ குழந்தையை வாங்கி வைத்துக்கொள்ள அம்மாவோ மாமியாரோ அக்காவோ உள்ளே வர அனுமதி வேண்டும். ஐந்து மருத்துவமனைகளிலும் இந்த ஏற்பாடுகள் செய்யப்பட்டன. எனவே உயிர் காத்தது தோல் தொடுதல் மட்டுமல்ல; அந்தத் தொடுதலைச் சாத்தியமாக்கிய ஏற்பாடும்தான். குறைமாதக் குழந்தையின் குடும்பத்துக்குத் தரும் ஆதரவு சிகிச்சைக்கு அப்பாற்பட்ட பரிவு அல்ல, சிகிச்சையே அது என்பதும், ஆகவே ஆக்சிஜனுக்கும் ஆன்டிபயாட்டிக்குக்கும் ஒதுக்குவதைப் போல அதற்கும் பணமும் இடமும் ஆளும் ஒதுக்கியாக வேண்டும் என்பதும் என் வாதம்.

பிள்ளையையும் தாயையும் பிரித்து வைப்பது மருத்துவத்தின் தொன்றுதொட்ட வழக்கமும் அல்ல. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் பாரிஸில் குறைமாதக் குழந்தைகளுக்குத் தனிக் கவனம் தந்த பியர் புதான், பிரிக்கப்பட்ட தாய்மார் நாளடைவில் பிள்ளையிடமிருந்து மனத்தளவிலும் விலகிவிடுவதைக் கண்டு, அவர்கள் வந்து பாலூட்ட வேண்டும் என்று வற்புறுத்தினார். அதன்பின் தொற்று அச்சம் மேலோங்கியது. இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் பெற்றோர் கண்ணாடிக்கு வெளியேதான் நின்றார்கள். 1960களில் அமெரிக்காவின் ஸ்டான்ஃபர்டில் தாய்மாரைக் கை கழுவச் செய்து, மேலங்கி அணிவித்து உள்ளே விட்டுப் பார்த்தார்கள், நோய்க்கிருமி பெருகவில்லை. 1970களின் இறுதியில் இரண்டு ஏழை மருத்துவமனைகள் இன்னும் துணிந்தன. கொலம்பியாவின் பொகோட்டாவில் இன்குபேட்டர் போதாமல் ஒன்றில் பல குழந்தைகளை வைக்க நேர்ந்தபோது, எட்கர் ரே சனாப்ரியாவும் ஹெக்டர் மார்ட்டினெசும் குழந்தையைத் தாயின் மார்பிலேயே கட்டி வைத்தார்கள். எஸ்டோனியாவின் தாலினில் செவிலியர் பற்றாக்குறை. ஆடிக் லெவின் தாய்மாரை உள்ளேயே தங்கவைத்துப் பராமரிப்பைக் கற்றுக்கொடுத்தார். இரண்டும் பற்றாக்குறையில் பிறந்த வழிகள். பின்னர் வசதி மிகுந்த நாடுகள் இவற்றைத் தேடி வந்து கற்றுக்கொண்டன என்பதை நாம் நன்றாக மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். ஏனெனில் "இதெல்லாம் பணக்கார நாட்டுச் சொகுசு" என்ற பேச்சு நம்மிடையே இன்னும் உண்டு.

தாய் அருகில் இருப்பதால் என்னதான் நடக்கிறது? 34 வாரத்துக்கு முன் பிறந்த குழந்தைக்குச் சப்புவதையும் விழுங்குவதையும் மூச்சுவிடுவதையும் ஒருங்கே செய்யும் திறன் முழுதாக வந்திருக்காது. குழாய் வழியாகவும், பிறகு பாலாடை வழியாகவும்தான் பால் புகட்ட வேண்டும். அந்தப் பால் தாய்ப்பாலாக இருந்தால், குறைமாதக் குழந்தைகளைக் கொல்லும் குடல் அழுகல் நோயும் தொற்றும் குறைகின்றன. ஆனால் வாயே வைக்காத குழந்தைக்குப் பால் சுரந்துகொண்டிருக்க வேண்டுமானால், தாய் ஒரு நாளில் எட்டு முறையாவது, இரவிலும்கூட, பீய்ச்சி எடுக்க வேண்டும். முப்பது நாற்பது கிலோமீட்டர் தள்ளி வீட்டில் இருப்பவளால் இது முடியாது. அப்படியே பீய்ச்சினாலும் அந்தப் பாலைக் குளிர் கெடாமல் கொண்டுவந்து சேர்க்க முடியாது. மருத்துவமனை வராந்தாவில் பாய் விரித்துப் படுத்து, அரை வயிற்றுக்குச் சாப்பிட்டு, பிள்ளை பிழைக்குமா என்று தவிப்பவளுக்கும் பால் வற்றத்தான் செய்யும். குழந்தையின் கேஸ் ஷீட்டில் "தாய்ப்பால் போதவில்லை" என்று எழுதப்படும். தாய்க்குச் சாப்பாடு போதவில்லை, தூக்கம் போதவில்லை என்று எழுத அந்தத் தாளில் இடமில்லை. உடல் வெப்பமும் அப்படியே. இந்தக் குழந்தைகளுக்குத் தோலடிக் கொழுப்பு மிகக் குறைவு. சற்று விட்டால் குளிர்ந்துபோவார்கள். முன்சொன்ன ஐந்து நாட்டு ஆய்வில் உடல் குளிர்ந்துபோன குழந்தைகள் வழக்கமான பிரிவில் 8.3 சதவீதம், உடனடி கங்காரு பிரிவில் 5.6 சதவீதம்.

உடம்புக்கு அடுத்தது மனம். குறைமாதக் குழந்தையின் தாய்மாரில் பேறுகாலத்துக்குப் பிந்தைய மனச்சோர்வு முதல் வாரங்களில் 40 சதவீதம் வரை காணப்பட்டதாக 2010இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு கூறியது. நம் வீடுகளில் அந்தச் சோர்வோடு பழியும் சேர்ந்துகொள்கிறது. பப்பாளி தின்றாள், கிரகணத்தன்று வெளியே வந்தாள், தண்ணீர்க் குடம் தூக்கினாள் என்று காரணம் அவள்மேல் ஏற்றப்படும். ஏழு மாதத்தில் பிறந்தது தங்கும், எட்டு மாதத்தில் பிறந்தது தங்காது என்ற நம்பிக்கையும் பரவலாக உண்டு. உண்மை இதற்கு நேர்மாறானது: கருப்பையில் கழியும் ஒவ்வொரு வாரமும் பிழைக்கும் வாய்ப்பைக் கூட்டுகிறது. ரத்தக்கொதிப்பு, தொற்று, இரட்டைக் கரு, முந்தைய குறைப்பிரசவம் முதலியவைதான் அறியப்பட்ட காரணங்கள். பலருக்குக் காரணமே தெரிவதில்லை. இதை மருத்துவர் தாயிடம் மட்டும் சொன்னால் போதாது. கணவனையும் மாமியாரையும் உட்காரவைத்துச் சொல்ல வேண்டும். பத்து நிமிடம் ஆகும் இந்தப் பேச்சு, அவள் நிமிர்ந்து குழந்தையைத் தொடுவதற்கும் ஒதுங்கி அழுதுகொண்டிருப்பதற்கும் இடையிலான வேறுபாட்டை உண்டாக்கும். தொடக்க நாட்களிலேயே பெற்றோருக்கு, இந்தக் குழந்தை எப்படி நடந்துகொள்ளும், அவர்கள் என்ன செய்யலாம் என்று படிப்படியாகக் கற்பித்த ஓர் அமெரிக்கத் திட்டத்தை 2006இல் சோதித்தபோது, தாய்மாரின் பதற்றமும் சோர்வும் குறைந்ததோடு, குழந்தைகள் ஏறத்தாழ நான்கு நாள் முன்னதாகவே தீவிர சிகிச்சைப் பிரிவிலிருந்து வெளியேறினார்கள்.

தகவல் தராமல் விடுவதன் விலை என்ன என்பதை உச்ச நீதிமன்றத் தீர்ப்பு ஒன்றே பதிந்து வைத்திருக்கிறது. 1996இல் சென்னையின் அரசு மருத்துவமனை ஒன்றில் குறைமாதத்தில் பிறந்த பெண் குழந்தை பார்வையை இழந்தது. குறைமாதக் குழந்தைகளின் விழித்திரையில் ரத்தக்குழாய்கள் ஒழுங்கின்றி வளரும் நோயே காரணம். உரிய நாட்களுக்குள் பரிசோதித்தால் லேசர் சிகிச்சையால் பெரும்பாலும் தடுக்கலாம். பரிசோதிக்கவும் இல்லை, பரிசோதிக்க வேண்டும் என்று பெற்றோரிடம் சொல்லவும் இல்லை. 2015இல் நீதிமன்றம் சுமார் 1 கோடியே 80 லட்சம் ரூபாய் இழப்பீடு விதித்தது. இன்று 34 வாரத்துக்கு முன்னரோ 2 கிலோவுக்குக் குறைந்த எடையிலோ பிறந்த குழந்தைக்கு 30 நாளுக்குள் கண் பரிசோதனை நடக்க வேண்டும் என்பது இந்திய நெறிமுறை. அந்த முப்பதாவது நாளில் குழந்தை பெரும்பாலும் வீட்டில் இருக்கும். அப்போது அதைத் தூக்கிக்கொண்டு வரவேண்டியவர்கள் பெற்றோர். அவர்களுக்குப் புரியும் மொழியில், ஒரு முறையல்ல, பல முறை சொல்லியிருந்தால் வருவார்கள். டிஸ்சார்ஜ் சீட்டில் ஆங்கிலத்தில் ஒரு வரி எழுதித் தருவதைச் சொன்னதாகக் கொள்ள முடியாது.

இனி மறுப்புகள். முதலாவது, தொற்று. செவிலியர்களும் மருத்துவர்களும் இதை வறட்டுப் பிடிவாதத்தால் சொல்லவில்லை; மருத்துவமனைத் தொற்றால் கண்ணெதிரே குழந்தைகள் இறப்பதைப் பார்த்தவர்கள் அவர்கள். அந்த அச்சத்துக்கு மரியாதை தர வேண்டும். ஆனால் சான்று அதற்கு எதிராகவே நிற்கிறது. டெல்லி ராம் மனோகர் லோகியா மருத்துவமனையில் 295 குழந்தைகளைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கி, ஒரு பிரிவில் பெற்றோருக்குப் பயிற்சி தந்து உள்ளே பராமரிக்க விட்டார்கள். 2017இல் வெளியான முடிவின்படி மருத்துவமனைத் தொற்றில் இரு பிரிவுக்கும் வேறுபாடில்லை. வீடு திரும்பும்முன் தாய்ப்பால் மட்டுமே குடித்த குழந்தைகள் பெற்றோர் உள்ளே இருந்த பிரிவில் 80.4 சதவீதம், பெற்றோர் வெளியே இருந்த பிரிவில் 66.7 சதவீதம். ஐந்து நாட்டு ஆய்விலோ, ரத்தத்தில் தொற்று என்று ஐயுற்ற குழந்தைகள் தாயோடு இருந்த பிரிவில்தான் குறைவு: 27.8க்கு எதிராக 22.9 சதவீதம். தாயின் தோலில் வாழும் நுண்ணுயிர்கள் குழந்தைக்கு இயல்பானவை. பல குழந்தைகளைத் தொட்டு வரும் கைகள்தாம் மருந்துக்கு அடங்காத கிருமியைச் சுமக்கின்றன. ஒரே குழந்தையைத் தொடும் தாய், கழுவிய கையோடு வந்தால், அந்த அறையின் ஆபத்து குறைந்த ஆட்களில் ஒருத்தி. ஆனால் இதில் ஒரு நிபந்தனை உண்டு: குழாயில் தண்ணீரும் சோப்பும் எப்போதும் இருக்க வேண்டும். அவை இல்லாத பிரிவில் தாயை வெளியே நிறுத்துவதால் தொற்று நிற்காது.

இரண்டாவது மறுப்பு கனமானது. தாய்மாரை உள்ளே விடுவது, செவிலியர் பணியைக் கூலியின்றி ஏழைப் பெண்களின் தலையில் கட்டுவதுதானே என்று கேட்கிறார்கள். தாலின் முறையே ஆள் பற்றாக்குறையிலிருந்து வந்தது என்பதால் இக்கேள்வியைத் தட்டிவிட முடியாது. கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்தில் 26 தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் நடந்து 2018இல் வெளியான ஆய்வு எல்லையை ஓரளவு தெளிவாக வரைந்தது. பெற்றோர் நாளுக்கு ஆறு மணி நேரமாவது இருந்து பாலூட்டினார்கள், துணி மாற்றினார்கள், மருத்துவச் சுற்றில் பங்கேற்றார்கள். வெண்டிலேட்டரும் ஊசியும் மருந்தும் செவிலியர் கையிலேயே இருந்தன. 21ஆம் நாளில் குழந்தைகளின் எடை கூடியிருந்தது, பெற்றோரின் மன அழுத்தம் குறைந்திருந்தது. அங்கே செவிலியரைக் குறைத்துவிட்டுப் பெற்றோரை அமர்த்தவில்லை. செவிலியர்களுக்குப் பெற்றோரைப் பயிற்றுவிக்கும் கூடுதல் வேலையும் அதற்கான பயிற்சியும் தரப்பட்டன. நம் நாட்டில் இந்த எல்லை எளிதில் அழியும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஒரு ஷிப்டில் ஒரே செவிலியர் பத்துப் பதினைந்து குழந்தைகளைப் பார்க்கும் இடத்தில், குடும்பத்தின் வருகை காலிப் பணியிடங்களை மறைக்கும் திரையாகிவிடும். அதற்குத் தீர்வு தாயைத் தடுப்பதல்ல. செவிலியர் எண்ணிக்கையைக் கணக்கிடும்போது தாய் செய்யும் வேலையைக் கழிக்கக் கூடாது என்று ஆணையிலேயே எழுதுவது. தாயும் பெரும்பாலும் நோயாளியே என்பதையும் இங்கே மறக்கக் கூடாது. ரத்தக்கொதிப்பாலும் அறுவையாலும் பிள்ளை பெற்றவளிடம் "நீதானே தாய், நீதான் வைத்திருக்க வேண்டும்" என்று வற்புறுத்துவது கொடுமை. தந்தையும் பாட்டியும் மார்பில் வைக்கலாம். பெண்கள் வார்டு என்ற காரணத்தால் தந்தையர் நம் மருத்துவமனைகளில் ஜன்னலோரத்தோடு நிற்க வைக்கப்படுகிறார்கள். தடுப்புத் திரையும் குறித்த நேரமும் இருந்தால் தீர்ந்துவிடும் சிக்கல் இது.

இடமும் பணமும் எங்கே என்பது மூன்றாவது. ஸ்டாக்ஹோம் நகரில் 366 குறைமாதக் குழந்தைகளை வைத்து 2010இல் வெளியான ஆய்வில், பெற்றோர் இரவு பகலாகத் தங்கும் வசதி கொண்ட பிரிவில் குழந்தைகள் சராசரியாக 27.4 நாளிலும், மற்றப் பிரிவில் 32.8 நாளிலும் வீடு திரும்பினார்கள். ஐந்து நாள் மிச்சம் என்பது அடுத்த குழந்தைக்கு ஐந்து நாள் படுக்கை. சுவீடனின் கணக்கை அப்படியே நமக்குப் பொருத்த முடியாது. ஆனால் படுக்கை நெருக்கடி நமக்குத்தான் அதிகம் என்பதால் ஆதாயமும் நமக்கு அதிகமாகவே இருக்கும் என்று கருத இடமுண்டு. தமிழ்நாட்டுக்கு இதில் தனிக் காரணமும் இருக்கிறது. இங்கே 99 சதவீதத்துக்கும் மேற்பட்ட பிரசவங்கள் மருத்துவமனையில் நடக்கின்றன. 2020ஆம் ஆண்டின் மாதிரிப் பதிவுக் கணக்குப்படி ஆயிரம் குழந்தைகளில் 13 பேர் ஓராண்டுக்குள் இறந்தார்கள். அவர்களில் 9 பேர் முதல் 28 நாளுக்குள். தடுப்பூசியும் மருத்துவமனைப் பிரசவமும் தரக்கூடிய பயனை ஏறத்தாழப் பெற்றுவிட்டோம். மிஞ்சியிருக்கும் இறப்புகளைக் குறைக்கும் இடம் பச்சிளங்குழந்தைப் பிரிவுதான்.

கொள்கை அளவில் இந்தியா பின்தங்கியிருக்கவில்லை. ராம் மனோகர் லோகியா மருத்துவமனை அனுபவத்தை வைத்து 2017இல் மத்திய அரசு குடும்பப் பங்கேற்புப் பராமரிப்புக்கு வழிகாட்டி நெறிகளை வெளியிட்டது. கை கழுவுதலில் தொடங்கி வீட்டில் பார்த்துக்கொள்வது வரை பெற்றோருக்கான பாடங்களும் அதில் உள்ளன. 2022 நவம்பரில் உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரைகள் வந்தன. உடனடி கங்காரு முறையோடு, குடும்பத்துக்கு ஆதரவும் பெற்றோர் விடுப்பும் அவற்றில் இடம்பெற்றன. கதவைத் திறக்கும் ஆணை நம்மிடம் இருக்கிறது. உள்ளே வந்தவள் தங்குவதற்கான செலவை யார் ஏற்பது என்பதில்தான் மௌனம். 2017இல் திருத்தப்பட்ட மகப்பேறு சட்டம் 26 வாரம் வரை சம்பள விடுப்பைக் கொண்டுவந்தது. குறைப்பிரசவத்தால் தாய்க்கு உடல்நலம் கெட்டால் மேலும் ஒரு மாதம். குழந்தை எத்தனை வாரம் தீவிர சிகிச்சையில் இருந்தாலும் அந்த நாட்களுக்கென்று தனி விடுப்பு இல்லை. பிரிட்டன் 2023இல் சட்டம் இயற்றி, 2025 ஏப்ரல் முதல் தாய் தந்தை இருவருக்கும் மற்ற விடுப்புகளுக்கு மேலாகப் 12 வாரம் வரை விடுப்பு தருகிறது. அதுவும் மாதச் சம்பளக்காரர்களுக்கே பயன்படும். நம் தாய்மாரில் பெரும்பாலோர் வயலிலும் கட்டட வேலையிலும் வீட்டு வேலையிலும் இருப்பவர்கள். வராத நாளுக்குக் கூலி இல்லை. கணவனும் உடனிருந்தால் அடுப்பு எரியாது. இப்படிப்பட்ட வீட்டில்தான் "இனி வீட்டிலேயே பார்த்துக்கொள்கிறோம்" என்று கையெழுத்திட்டுக் குழந்தையைத் தூக்கிச் செல்லும் முடிவு எடுக்கப்படுகிறது. நாட்டின் சிறப்புப் பச்சிளங்குழந்தைப் பிரிவுகளுக்கு ஆண் குழந்தைகளை விடப் பெண் குழந்தைகள் குறைவாகவே கொண்டுவரப்படுகிறார்கள் என்று யூனிசெஃப் சுட்டிக்காட்டியிருக்கிறது. தங்கும் செலவு ஏற ஏற, முதலில் கைவிடப்படுவது யாருடைய சிகிச்சை என்பதை விளக்க வேண்டியதில்லை.

செய்யக்கூடியவற்றில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன், அது மிக மலிவானது என்பதால். 2011 ஜூனில் தொடங்கிய ஜனனி சிசு சுரக்ஷா திட்டம் அரசு மருத்துவமனையில் பிரசவத்தையும், நோயுற்ற குழந்தையின் சிகிச்சையையும் இலவசமாக்கியது. குழந்தைக்கான காலவரம்பு 30 நாளிலிருந்து பின்னர் ஓராண்டாக உயர்த்தப்பட்டது. மிகச் சிறந்த திட்டம். ஆனால் தாய்க்கான இலவச உணவு சுகப்பிரசவத்துக்கு 3 நாள், அறுவைப் பிரசவத்துக்கு 7 நாள் என்று அதில் வரையறுக்கப்பட்டது. 30 வாரத்தில் பிறந்த குழந்தை ஒரு மாதம் அல்லது அதற்கு மேலும் உள்ளே இருக்கும். ஏழாம் நாளுக்குப் பிறகு தாய்க்குச் சோறு கிடைப்பது, அந்தந்த மருத்துவமனையின் நல்லெண்ணத்தையோ அன்னதானம் செய்பவர்களையோ பொறுத்தது. நாளுக்கு எட்டு முறை பால் பீய்ச்சி, குழந்தையை மார்பில் சுமந்து, அரசின் இறப்பு விகிதத்தைக் குறைத்துத் தரும் பெண்ணுக்கு இது நியாயமல்ல. அந்த வரியை "குழந்தை டிஸ்சார்ஜ் ஆகும் நாள் வரை" என்று மாற்ற வேண்டும். மத்திய அரசு மாற்றும்வரை மாநில அரசு காத்திருக்கவும் தேவையில்லை. தன் சொந்த நிதியிலிருந்தே, பச்சிளங்குழந்தைப் பிரிவு உள்ள ஒவ்வோர் அரசு மருத்துவமனைக்கும் தாயின் உணவையும் அவளுக்கொரு கட்டிலையும் வரும் பட்ஜெட்டிலேயே சேர்க்கலாம்.